சிஸ்டர் வியாகுலத்தின் பால்பற்கள்

சிஸ்டர் வியாகுலத்துக்கு முதல் பால்பல் முளைத்தது ஊசிப்பாறை புத்துயிர் இல்லத்தில், நாற்பது நாள் புதுப்பித்தல் பயிற்சியின் ஒன்பதாம் நாள் காலை பத்தரை மணிக்கு, நாங்கள் இருபத்தாறு கன்னியர்களும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளைப் போல மெழுகுக் கலர்க்குச்சிகளால் எங்கள் வாழ்க்கையை ஒரு நதியாக வரைந்துகொண்டிருந்தபோது. அவர் வரைவதை நிறுத்திவிட்டு, சுட்டுவிரலை வாய்க்குள் விட்டு ஈறைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம், "சிஸ்டர், இங்க அரிசி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது, என்னன்னு பாருங்க" என்றார்.

நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். அரிசி இல்லை. கீழ் ஈற்றின் நடுவில், ஏழு மாதக் குழந்தைக்கு எட்டிப் பார்ப்பதுபோல, பால் வெள்ளையில் ஒரு பல்.

"பல்லு, சிஸ்டர்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, நீலக் குச்சியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து நதியை வரையத் தொடங்கினார்.

அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. வாயில் இருந்த கடைசிக் கடைவாய்ப்பல் விழுந்தே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சபை கட்டிக்கொடுத்த பல்செட் ஈறைக் கடிக்கிறது என்று அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு வந்த ஜனங்கள் எல்லோரும் அவருடைய வாயைத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள், அவரை யாருக்கும் தெரியாது. தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் எட்டாம் வகுப்பு முடித்து, எங்கள் சபைக்கு வந்தால் மேலே படிக்கலாம் என்று ஒரு மதர் சொன்னதை நம்பிப் பதினாறு வயதில் வந்தவர் அவர். சொன்ன மதர் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்குப் பின்னால் வந்த மதர், சமையலறையில் ஆள் குறைகிறது, ஒரு மாதம் மட்டும் போய் நில்லும்மா என்று அனுப்பினார். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை, அது நாற்பத்தொன்பது வருடம் நீண்டது. அவர் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பி.ஏ. படித்தோம், பி.எட். படித்தோம், எங்களில் சிலர் கப்பல் மாதிரிப் பெரிய பெட்டிகளோடு ரோமுக்குப் போய் இறையியல் படித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்த ஒவ்வொருவரும் முதலில் அவருடைய சமையலறைக்குள் நுழைந்து, என்ன குழம்பு சிஸ்டர் என்றுதான் கேட்டோம். நானும் அப்படிக் கேட்டவள்தான். முப்பத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் ஒருநாளும் உறைக்கவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் சபையிலிருந்து ஒரு தாள் வரும். அதில் அடுத்த ஆண்டுக்கான உங்கள் விருப்பம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் அங்கே 'சபையின் சித்தம்' என்று எழுதிக் கொடுப்போம். சிஸ்டர் வியாகுலம் மட்டும் 'வேதாகமம் முறையாகப் படிக்க வேண்டும்' என்று எழுதுவார். அதற்கு யாரும் முடியாது என்று சொன்னதில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் சிஸ்டர் என்றார்கள், நல்ல ஆசை சிஸ்டர் என்றார்கள், உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்றார்கள், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்கள். இது அவருக்கு நான்காவது புதுப்பித்தல். வந்த அன்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "புதுப்பிக்கணும்னா மொதல்ல ஒருவாட்டியாவது புழங்கியிருக்கணும்லா சிஸ்டர்? என் மூளையை இன்னும் யாரும் பொட்டலமே பிரிக்கல."

பயிற்சியை நடத்திய ஃபாதர் இஞ்ஞாசி நல்ல மனிதர். மெல்லிய குரல், மெல்லிய உடம்பு. இருபத்தொரு வருடமாக ஒரே ஒரு பச்சை ஃபைல் வைத்திருந்தார். அதில் முதல் வாரம் கம்பளிப்பூச்சி, இரண்டாம் வாரம் வாழ்க்கை நதி, மூன்றாம் வாரம் மன்னிப்பு, நான்காம் வாரம் களிமண்ணில் பானை செய்வது. சிஸ்டர் வியாகுலம் நான்கு முறையும் அந்தக் கம்பளிப்பூச்சியைப் பார்த்திருந்தார், அதில் மூன்று முறை ஃபாதர் இஞ்ஞாசியின் கையாலேயே. ஒவ்வொரு முறையும் கேள்வி நேரத்தில் எழுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார். வேதாகமத்தில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருகின இடத்தில், மிஞ்சினதைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்தார்கள் என்று இருக்கிறதே, வனாந்தரத்தில் அந்தக் கூடைகள் யாருடையவை, சாப்பாடே இல்லாத இடத்துக்குக் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தார்கள்? நாற்பது வருடமாகப் பந்தி பரிமாறி, மிஞ்சினதை எதில் அள்ளுவது என்று பாத்திரம் தேடித் தேடி அலைந்தவருக்கு வரக்கூடிய கேள்வி. கேட்ட சாமியார்கள் எல்லோரும் சிரித்தார்கள். "சமையல்காரக் கேள்வி" என்று அன்பாகச் சொல்வார்கள். பிறகு டீ வந்துவிடும்.

பல் வந்த செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் இல்லம் முழுக்கத் தெரிந்தது. யாரும் பெரிதாகக் கலவரப்படவில்லை. ஒருவர் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார், ஒருவர் ஈறு அரிப்புக்குக் கேரட்டை நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தார், முன்னாள் மருத்துவமனை சிஸ்டர் ஒருவர் வயிற்றுப்போக்கு வரலாம் என்று உப்புச்சர்க்கரைக் கரைசல் தயாராக வைத்தார். அந்த வாரத்திலேயே மேலே இரண்டு, கீழே இன்னொன்று என்று வந்தன. மலையடிவாரத்து ஊரிலிருந்து பல் டாக்டர் ஃபரீதாவை அழைத்துவந்தோம். அவர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், இரண்டு பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சீட்டில், பால்பற்கள், வளர்ச்சி சீராக உள்ளது, இனிப்பைக் குறைக்கவும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, என் பையனுக்குக்கூட இவ்வளவு வரிசையாக வரவில்லை என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லிப் போனார்.

ஆகஸ்டு மாதத்துக்குள் இருபது பற்களும் வந்துவிட்டன. அதற்குள் காப்பித் தோட்டத்துப் பெண்கள், பல் முளைக்கத் தாமதமாகும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் பிறகு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சிஸ்டர் வாயைத் திறந்து காட்ட, அவர்கள் பிள்ளையின் தலையைத் திருப்பிப் பார்க்கவைத்துவிட்டுப் போனார்கள். பிறகு மற்ற சபைகளிலிருந்து கடிதங்கள் வந்தன. எண்பது வயதுக் கன்னியர்கள் வந்தார்கள், கைத்தடியோடு பிரதர்மார் வந்தார்கள், ஓய்வுபெற்ற சாமியார்கள் வந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நடந்த பயிற்சி ஒன்று முடிய ஒன்று என்று இடைவிடாமல் நடந்தது, அப்படியும் இரண்டு வருடத்துக்கு இடமில்லை. வந்தவர்கள் கம்பளிப்பூச்சியைக் கவனித்தார்கள், நதியை வரைந்தார்கள், பானையைப் பிசைந்தார்கள், ஓய்வு நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று ஈறைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாருக்கும் ஒரு பல்கூட வரவில்லை. அதனால் அவர்கள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. இன்னும் ஆழமாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் போலிருக்கிறது என்று அடுத்த பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெயர் எழுதியவள் நான்தான். பயிற்சி முடிந்ததும் என்னை இல்லத்தின் அலுவலகத்துக்குப் பொறுப்பாகவும், சிஸ்டர் வியாகுலத்தை 'அனுபவப் பகிர்வுக்கு' என்றும் ஊசிப்பாறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஃபாதர் இஞ்ஞாசி பச்சை ஃபைலில் இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு ஒரு புதிய தாளைச் சேர்த்தார். ஐந்தாம் வாரம், ஓர் உயிருள்ள சாட்சி. சிஸ்டர் வியாகுலம் மேடையில் நாற்காலியில் உட்காருவார். மைக்கை அவர் பக்கம் திருப்பி, உள்ளத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் சிஸ்டர் என்பார் ஃபாதர்.

"உள்ளத்துல ஒண்ணும் நடக்கல, ஃபாதர். ஈறு அரிச்சது, பல்லு வந்துட்டு. இதுல நான் எதையும் புதுசா தெரிஞ்சுக்கிடல. எனக்குத் தெரிஞ்சுக்கிட ஒண்ணு இருக்கு. அந்தப் பன்னிரண்டு கூடை..."

கூட்டம் அன்போடு சிரிக்கும். எவ்வளவு எளிமை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு வரிசையாக வந்து, கொஞ்சம் திறங்க சிஸ்டர், இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு என்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நூற்றுப்பத்து முறை வாயைத் திறந்ததாகச் சொன்னார். தாடை வலிக்கு நான் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது அவர் உடம்பு முழுக்க விறைத்திருந்தது. வலியினால் அல்ல, கோபத்தினால் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் திருவிழா அன்று, சிஸ்டர் வியாகுலம் வாயை மூடிக்கொண்டார்.

மேடையில் உட்கார்ந்தார், மூடினார். மைக்கை நீட்டியதும் தலையை ஆட்டினார். வரிசை வந்தது, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. கஞ்சியை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். ஜெபத்தில் உதடு அசையாமல் நின்றார். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அவருடைய மூடிய வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அதையும் ஒரு மௌன விரதமாக எடுத்துக்கொண்டு, ஆஹா இதுதான் அடுத்த கட்டம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இருபது நாளுக்கு மேல் அப்படி ஓடவில்லை. பல்லைப் பார்க்க வந்தவர்களுக்குப் பல் வேண்டியிருந்தது. காப்பித் தோட்டத்துப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பதினொரு பேர் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் மாநிலத் தலைவி மதர் லியோனிக்கு எழுதினேன். அவர் ஜீப்பில் வந்தார்.

மதர் லியோனிக்கு ஐம்பத்துநான்கு வயது, பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சபையின் மூன்று கல்லூரிகளை நடத்தியவர். பள்ளிப் பெண்ணாக எங்கள் ஹாஸ்டலில் ஆறு வருடம் சிஸ்டர் வியாகுலத்தின் கையால் சாப்பிட்டவர். அவர் சிஸ்டரின் அறைக்குள் போனபோது என்னையும் கூடவே இருக்கச் சொன்னார்.

"வாயைத் திறங்க, சிஸ்டர். காட்ட வேண்டாம். என்கிட்ட பேசறதுக்குத் திறங்க."

சிஸ்டர் வியாகுலம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். புதுப் பற்களுக்கு நடுவே நாக்கு இன்னும் பழகாததால், வார்த்தைகள் மழலையாக வந்தன.

"எனக்குப் படிக்கணும், மதர்."

"என்ன படிக்கணும்?"

"புதிய ஏற்பாடு. அதை எழுதின பாஷையிலயே."

"கிரேக்கமா? சிஸ்டர், எம்.ஏ. முடிச்ச பிரதர்மாரே அதுக்குத் திணறுறாங்க. நீங்க எட்டாங்கிளாஸ்."

"ஆமா. எட்டாங்கிளாஸோட நிப்பாட்டினது நான் இல்லியே."

மதர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்களால எத்தனை பேர் மனசு மாறுறாங்கன்னு உங்களுக்குத் தெரியல. போன மாசம் ஒரு வயசான ஃபாதர் உங்களைப் பாத்துட்டு அழுதாராமே."

"அவரு அழுதாரு. நான் வாயைப் பொளந்துகிட்டு நின்னேன். அழுது முடிச்சிட்டு அவரு போயிட்டாரு."

"இது ஒரு அருள், சிஸ்டர்."

"அருள்தான். எனக்குத்தானே வந்துச்சு? வந்த நாள்லேருந்து எல்லாரும் வாய்க்குள்ள பாக்கியோ. அந்த வாய் என்ன கேக்குதுன்னு ஒருத்தரும் கேட்கல."

மதர், இஷ்டமில்லாமல்தான் என்று முகத்தில் தெரிந்தது, "நாம எல்லாரும் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு குடுத்திருக்கோம்" என்றார்.

"நாப்பத்தொம்பது வருஷம் கீழ்ப்படிஞ்சாச்சு. இப்பவும் கீழ்ப்படிதேன். நீ படிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, மதர். இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொல்லல. அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதான் சொன்னியோ. கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாளைக்கே மேடையில போய் வாயைத் திறக்கேன். நீங்க மூடுன்னு சொல்லுத வரைக்கும் மூட மாட்டேன்."

என்னிடம் தாள் இருந்தது. மதர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். ஊர்ப் பெயர் எழுதினார். 'அன்புள்ள சிஸ்டர்' என்று எழுதினார். அதற்குக் கீழே அவர் கை போகவே இல்லை. வெளியே சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "காலையில படிங்க, சாயங்காலம் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஊசிப்பாறையிலிருந்து ஒரு மைல் மேலே ஒரு குருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கே கிரேக்கம் நடத்திய ஃபாதர் கிளிட்டஸுக்கு முப்பத்தொரு வயது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சூட்டோடு வேகமாகப் பேசுவார். பதினான்கு பிரதர்மாருக்குப் பின்னால், கடைசி பெஞ்சில் சிஸ்டர் வியாகுலம் உட்கார்ந்தார். தினமும் காலை ஏழரைக்குக் குடையை ஊன்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஏறிப் போவார், பன்னிரண்டுக்கு இறங்கி வருவார், மூன்று மணிக்கு வரிசைக்கு வாயைத் திறப்பார். எழுத்துகள் பிடிபடவே ஐந்து வாரம் ஆனது. பிரதர்மார் வாக்கியம் படிக்கத் தொடங்கியபோது அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். மழலை நாக்கில் சில ஒலிகள் வரவில்லை. காலையில் தெரிந்தது மாலையில் மறந்தது. ஒருநாள் நோட்டைச் சுவரில் விட்டெறிந்தார். பிறகு எழுந்து போய் எடுத்து, தாள்களை நீவி, மறுபடி உட்கார்ந்தார். முதல் டெஸ்டில் நூற்றுக்கு ஒன்பது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பெஞ்சைவிட்டு எழுந்து தன் கேள்வியைக் கேட்டார். ஃபாதர் கிளிட்டஸ் சிரிக்கவில்லை. அவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கரும்பலகையில் இரண்டு வார்த்தை எழுதினார். "கோஃபினொஸ், ஸ்புரிஸ். ஐயாயிரம் பேர் கதையில முதல் வார்த்தை. அது யூத ஜனங்க வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துட்டுப் போற பின்னல் கூடைன்னு சொல்றாங்க. அதே மாதிரி இன்னொரு அற்புதம் வருதே, நாலாயிரம் பேர் கதை, அதுல ரெண்டாவது வார்த்தை. அது ஆளே உட்காரக்கூடிய பெரிய கூடை, தப்பிக்க வைக்க பவுலை மதில்லேருந்து இறக்கினாங்களே, அந்த மாதிரி. யாரோடதுன்னு எழுதல. ஆனா வந்த ஜனங்க கைலயே அது இருந்திருக்கலாம், சிஸ்டர். வழியிலயே சோறு தீர்ந்திருக்கும், கூடை மிஞ்சியிருக்கும்."

இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சிஸ்டர் வியாகுலம் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி வந்து, நனைந்தபடியே ஃபாதர் இஞ்ஞாசியின் அறை வாசலில் நின்றார். நானும் ஓடிப் போனேன்.

"ஃபாதர், கூடைக்கு ரெண்டு வார்த்தை இருக்காமே. உங்களுக்குத் தெரியுமா?"

ஃபாதர் இஞ்ஞாசி யோசித்தார். "ஆமா, குருமடத்துல படிச்சோம். இருக்கு, ரெண்டு வார்த்தை."

"மூணு பயிற்சியில கேட்டேன். மேடையில வச்சும் கேட்டேன்."

ஃபாதர் அந்த மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். "நீங்க தெரிஞ்சுக்கறதுக்காகத்தான் கேக்கறீங்கன்னு எனக்குத் தோணல, சிஸ்டர்."

அவர் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் வியாகுலம் பரவாயில்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் வாரத்துப் பாடத்தை நான்கு முறை படித்தவர், அறைக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டு, மூன்று நாள் ஃபாதர் இஞ்ஞாசி பக்கம் திரும்பாமல் பூசை பார்த்தார். நான் தைலம் தேய்க்கப் போனபோது, "விடுங்க சிஸ்டர்" என்றார். "உங்க யார் மேலயும் எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லணும்னு பாக்கேன். வர மாட்டேங்கு."

டிசம்பரில் பற்கள் விழத் தொடங்கின. முளைத்த வரிசையிலேயே, முதலில் கீழ் நடுப்பல். அதைப் பஞ்சில் சுற்றி வைக்க வேண்டும் என்று மூன்று சபைகளிலிருந்து ஆள் வந்தது, யாருக்கு எத்தனை என்று பேச்சு எழுந்தது. சிஸ்டர் வியாகுலம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஊரில் பிள்ளைகள் செய்வதுபோல ஒவ்வொன்றையும் இல்லத்தின் ஓட்டுக் கூரை மேல் விட்டெறிந்துவிட்டு வகுப்புக்குப் போனார். புதிய பற்கள் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். டாக்டர் ஃபரீதா மறுபடி வந்து படம் எடுத்தார், ஈறுக்குள் ஒன்றும் இல்லை என்றார். பிப்ரவரிக்குள் இருபதும் போய்விட்டன. வரிசை குறைந்தது, கடிதங்கள் நின்றன, முன்பதிவு செய்தவர்கள் உடல்நலம் சரியில்லை என்று எழுதினார்கள். காப்பித் தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை வேறொரு ஊர்த் தர்காவுக்குத் தூக்கிப் போனார்கள். ஃபாதர் இஞ்ஞாசி பச்சை ஃபைலிலிருந்து ஐந்தாம் வாரத்தை எடுத்துவிட்டார். ஆனால் அந்த இடத்தில் கேள்விகளுக்கு என்று ஒரு முழு நாளை வைத்தார். முதல் முறை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. சமவெளியில், வயதான கன்னியர்களுக்கான எங்கள் இல்லத்தில் சமையல் பார்த்த பெண் திருமணமாகிப் போய்விட்டாள். பதினெட்டுப் பேர் ஓட்டல் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். சிஸ்டர் வியாகுலம் பதினாறாம் தேதி அங்கே இருக்க வேண்டும். பதினாறாம் தேதி காலைதான் கிரேக்கப் பரீட்சை. அவர் மதருக்கு ஒரே வரி எழுதினார்: பதினாறாம் தேதி என்றால் காலையா மாலையா?

மதர் லியோனி பதில் எழுதவில்லை. பதினாறாம் தேதி ஜீப்போடு நேராகக் குருத்துவக் கல்லூரிக்கு வந்து, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்தைக்கு இறங்க வேண்டியிருந்ததால் நானும் பெட்டிகளோடு ஜீப்பில் இருந்தேன். மூன்று மணி நேரம். இடையில் ஒருமுறை மதர் எழுந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிரதர்மார் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசி மணி அடித்த பிறகுதான் சிஸ்டர் வியாகுலம் வந்தார்.

"எப்படி எழுதினீங்க?" என்றார் மதர்.

"பாதி எழுதினேன். ஒரு கேள்விக்கு எடம் விட்டு வச்சேன், வரவே இல்ல."

ஜீப் மலையிறங்கியது. சிஸ்டர் வியாகுலம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ மென்றுகொண்டே வந்தார். பதினோராவது வளைவில் நிமிர்ந்தார்.

"வண்டியைத் திருப்புங்க."

"என்ன மறந்துட்டீங்க?" என்றார் மதர்.

"மறக்கல. வந்துட்டு."

"சிஸ்டர், பரீட்சை முடிஞ்சுபோச்சு."

"தெரியும்."

"பேப்பரை வாங்கிட்டாங்க. ஒரு மார்க்கூடப் போட மாட்டாங்க. அங்க பதினெட்டுப் பேர் ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க."

"மார்க்குக்கு இல்ல, மதர்."

டிரைவர் கண்ணாடியில் மதரைப் பார்த்தார். மதர், திருப்பு என்பதுபோல, கையைச் சுழற்றிக் காட்டினார். அடுத்த வளைவு வரை இறங்கித்தான் திரும்ப முடிந்தது. மறுபடி ஏறினோம். ஃபாதர் கிளிட்டஸ் வகுப்பறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். சிஸ்டர் வியாகுலம் சாப்பாட்டு அறையின் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றார். உள்ளே ஃபாதர் சோற்றில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"ஃபாதர், அந்த ஏழாவது கேள்வி. அவிழ்க்கிறேன்ங்கிறதுக்கு முடிஞ்ச காலம். லெலுகா."

"லெலுகா" என்றார் ஃபாதர். "சரி. அர்த்தம்?"

"அவிழ்த்திருக்கிறேன். அவிழ்த்தது முடிஞ்சுபோச்சு, ஆனா அது இப்பவும் அவிழ்ந்தபடியே கெடக்கு."

"சரிதான், சிஸ்டர். ஆனா நான் இதுக்கு மார்க்..."

"வேண்டாம். நீங்க சாப்பிடுங்க, சோறு ஆறுது."

அவர் திரும்பி வந்து ஜீப்பில் ஏறி, புடவையைச் சுருட்டி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போய்ச் சேர இருட்டிடும் போல" என்றார் சிஸ்டர் வியாகுலம். "போற வழியில ரவை வாங்கிடுவோம். பதினெட்டுப் பேருக்கு உப்புமான்னா அரைமணியில ஆயிரும்."